மூடிய கடை பதில் சொல்லாது

2020 மே மாதக் கடைசி வாரத்தில் அகில இந்திய உற்பத்தியாளர் அமைப்பு இணையத்தில் ஒரு கேள்வித்தாளைச் சுற்றுக்கு விட்டது. ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம். 46,525 பேர் பதில் அனுப்பினார்கள். சிறு, குறு, நடுத்தரத் தொழில் நடத்துவோரில் 35 சதவீதம் பேரும், சுயதொழில் செய்வோரில் 37 சதவீதம் பேரும் இனி மீள வழியில்லை, மூடத் தொடங்கிவிட்டோம் என்றார்கள். ஆகஸ்டில் மத்திய அரசின் தேசியச் சிறுதொழில் கழகமும் இணைய வழியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 5,774 நிறுவனங்கள் பதில் சொல்லின. அவற்றில் 91 சதவீதம் இயங்கிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது.

இடையில் ஊரடங்கு தளர்ந்தது உண்மை. ஜூன் முதல் கடைகள் திறந்தன, லாரிகள் ஓடின. ஆனாலும் மூன்றில் ஒன்று மூடப்படுகிறது என்பதிலிருந்து பத்தில் ஒன்பது ஓடுகிறது என்பதற்கு மூன்று மாதத்தில் தாவிவிட முடியாது. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் கேள்வித்தாளை அனுப்பியது, அரசிடம் நிவாரணம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தொழில் அமைப்பு. நொந்துபோனவர்களுக்கு அதில் பதில் எழுத ஒரு காரணம் இருந்தது. இரண்டாவதை நடத்தியது, தன் திட்டங்களில் பயன்பெறும் நிறுவனங்களோடு தொடர்பில் இருக்கும் ஒரு கழகம். அதற்குப் பதில் அனுப்ப, ஆகஸ்டிலும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும் ஒரு அலுவலகம் இருந்தாக வேண்டும். ஜூலையில் ஷட்டரை இறக்கி, இயந்திரத்தை விற்று, ஊருக்குப் போய்விட்டவரிடம் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்திருக்காது. ‘உங்கள் நிறுவனம் இயங்குகிறதா?’ என்று இயங்கும் நிறுவனங்களிடம் கேட்டால் வரக்கூடிய விடைதான் வந்தது. அந்த 9 சதவீதம் எப்படி ‘இல்லை’ என்று சொல்ல வந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

பெருந்தொற்றுக் காலத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சிக்கல் ஓடுகிறது. கணக்கெடுப்பு என்பது கேட்கக் கிடைத்தவர்களின் நிலைமை. பெருந்தொற்று செய்த முதல் காரியமோ, அதிகம் அடிபட்டவர்களைக் கேட்கக் கிடைக்காதவர்களாக ஆக்கியது. ஆகவே அந்த எண்களைப் படிக்கும்போது, என்ன சொல்கின்றன என்பதற்கு முன்னால், யார் சொன்னது, யார் சொல்லாமல் போனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் சில எண்கள் சரிந்துவிடும். சில எண்கள் முன்பைவிட மோசமான செய்தியைச் சொல்லும்.

இந்தியாவில் எத்தனை சிறுதொழில்கள் மூடப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, இவை அமைப்புசார்ந்த துறையிலும் சாராத துறையிலும் பரவிக்கிடப்பதால் மூடல் பற்றிய விவரத்தை அரசு பராமரிப்பதில்லை என்று பதில் வந்தது. நேர்மையான பதில்தான். வேளாண்மை சாராத, பதிவு பெற்ற கம்பெனியாக இல்லாத சிறு நிறுவனங்களைத் தேசிய மாதிரி ஆய்வு 73-ஆம் சுற்றில், 2015-16-இல், கணக்கெடுத்தது. 6.34 கோடி நிறுவனங்கள், 11.13 கோடி பேருக்கு வேலை. அதற்கடுத்த கணக்கு 2021-22-க்கு உரியது: 5.97 கோடி நிறுவனங்கள், 9.79 கோடி பேர். 2022-23-இல் நிறுவனங்கள் 6.50 கோடியாக ஏறின. வேலை செய்பவர்கள் 10.96 கோடி. அப்போதும் 2015-16 அளவை எட்டவில்லை.

ஆறு ஆண்டு இடைவெளியில் 37 லட்சம் நிறுவனங்களும் 1.34 கோடி வேலைகளும் குறைந்திருக்கின்றன. இதைக் கொரோனாவின் கணக்கில் எழுதிவிடலாமா? முடியாது. அந்த ஆறு ஆண்டுக்குள்தான் 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பு வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. மூன்று அடிகளும் ஒரே காயத்தில் விழுந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க, நடுவில் எடுத்த கணக்கு இல்லை. இன்னொன்று, இது நிகரக் கணக்கு. பத்துக் கடை மூடி எட்டுக் கடை திறந்தால் இரண்டு குறைந்ததாகவே தெரியும். புதிதாகத் திறந்த எட்டில் எத்தனை, சம்பள வேலை போனவர்கள் வேறு வழியில்லாமல் தெருமுனையில் போட்ட இட்லிக் கடைகள் என்பதை இந்த எண் சொல்லாது. 2022-23-இல் நிறுவனங்கள் 2015-16-ஐத் தாண்டியும் வேலையாட்கள் எண்ணிக்கை தாண்டாமல் நிற்பது அதைத்தான் காட்டுகிறது என்பது என் கணிப்பு. கடை கூடியிருக்கிறது, கடைக்குள் இருக்கும் ஆள் குறைந்திருக்கிறது.

கணக்கெடுப்பு தன் மாதிரியைத் தானே காட்டிக்கொடுத்த இடமும் உண்டு. இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி 20 மாநிலங்களிலும் இரண்டு ஒன்றியப் பகுதிகளிலும் 1,029 நிறுவனங்களிடம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2022 ஜனவரியில் வந்தது. 2020-21 நிதியாண்டில் 67 சதவீத நிறுவனங்கள் மூன்று மாதம்வரையோ அதற்கு மேலோ தற்காலிகமாக மூடிக்கிடந்தன என்பது அதன் தலைப்புச் செய்தி. பத்திரிகைகள் அதைத்தான் எடுத்துப் போட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது அதே அறிக்கையின் இன்னொரு வரி. ஆய்வுக்குள் வந்தவர்களில் சுமார் 65 சதவீதம் பேர் மத்திய அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் கடன் வாங்கியிருந்தார்கள். நாடு முழுக்க அந்தத் திட்டத்தில் உத்தரவாதம் பெற்றவர்கள் மொத்தம் 1.19 கோடிப் பேர். 6 கோடிக்கு மேற்பட்ட சிறுதொழில்களில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாதிரியிலோ மூன்றில் இரண்டு பங்கு.

ஆக அந்த 1,029 நிறுவனங்களில் பெரும்பாலானவை வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பெயர் உள்ளவை. திட்டத்தின் விதியே அப்படி: 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். பாக்கியே இல்லாதவருக்கு அதில் 20 சதவீதமும் பூஜ்யம்தான். தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டும் பூக்கடைக்காரம்மாவுக்கு இந்தத் திட்டத்தில் கதவு கிடையாது. ஏற்கெனவே வங்கியை எட்டியிருந்த, திட்டத்தின் உதவியும் கிடைத்த நிறுவனங்கள் நிறைந்த மாதிரியிலேயே 67 சதவீதம் மூடிக்கிடந்தன என்றால், எட்டாதவை எப்படி இருந்திருக்கும்? அந்த 67-ஐ நடுநிலை எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல்தட்டின் எண் அது.

அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் கணக்கெடுப்புத் துறை இரண்டு ‘நாடித்துடிப்பு’ ஆய்வுகளை ஒரே வாரத்தில் தொடங்கியது. ஒன்று குடும்பங்களுக்கு, மற்றொன்று சிறுதொழில்களுக்கு. அந்த நாட்டுக்கு அது பொருந்தும். அங்கே சிறுதொழில் என்றால் தனி வங்கிக் கணக்கு, தனி வரி எண், சம்பளப் பட்டியல். ஏறத்தாழ 5,800 சிறுதொழில்களிடம் 2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பொருளியலாளர்கள் நடத்திய ஓர் ஆய்வில் 43 சதவீதம் தற்காலிகமாக மூடியிருந்தன. மாதம் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவுள்ள நிறுவனங்களில் நடுவாந்தரமான ஒன்றின் கையிருப்பு இரண்டு வாரத்துக்கே தாங்கும் என்று அந்த ஆய்வு கண்டது. கையிருப்பு என்பது நிறுவனத்தின் கையிருப்பு. முதலாளியின் வீட்டு மளிகைப் பணம் அதில் சேராது.

நம் ஊரில் அந்தக் கோடு கிடையாது. 2015-16 கணக்கின்படி சிறு நிறுவனங்களில் 84 சதவீதம், நிலையான கூலியாள் யாரும் இல்லாமல் வீட்டார் மட்டுமே நடத்துபவை. டீக்கடைக் கல்லாவிலிருந்து எடுத்துத்தான் பிள்ளைக்கு நோட்டு வாங்குவார்கள். நோட்டுக்கு வைத்திருந்த காசில்தான் மறுநாள் பால் வாங்குவார்கள். 2020 ஏப்ரலில் அந்தக் கடை மூடியதும் என்ன நடக்கும்? முதலில் பால்காரர் பாக்கி நிற்கும். அடுத்து வீட்டம்மாவின் தோடு அடகுக்குப் போகும். கியாஸ் அடுப்பும் பாய்லரும் பாதி விலைக்குப் போகும். கணவர் யாரிடமோ டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை வாங்கிக் காய்கறி ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். இந்தக் கதையைக் குடும்பக் கணக்கெடுப்பில் கேட்டால் ‘நகைக்கடன் வாங்கினோம்’ என்று ஒரு கட்டத்தில் டிக் விழும். தொழில் கணக்கெடுப்பில் கேட்டால், கடையே இல்லாததால் எங்கும் விழாது. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் கேட்டால், முன்பும் சுயதொழில், இப்போதும் சுயதொழில். மாற்றம் ஏதுமில்லை.

ஒரு குடும்பத்தின் முதலீடு முழுவதும் கரைந்துபோன நிகழ்ச்சி மூன்று கேள்வித்தாள்களின் இடுக்கிலும் விழுந்து காணாமல் போகிறது. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம்வரை என்றிருந்த கடன் வரம்பை 2021 மார்ச்வரை 90 சதவீதமாக உயர்த்தியது. வீட்டில் இருக்கும் தங்கம்தான் இந்தச் சிறுதொழில்களின் கடைசி நடைமுறை மூலதனம் என்பதைக் கணக்கெடுப்பு நிபுணர்களைவிட ரிசர்வ் வங்கி நன்றாக அறிந்திருந்தது போலும்.

கேள்வியின் வடிவம் எண்ணை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு வேலையின்மைக் கணக்கைப் போன்ற சான்று வேறில்லை. 2020 ஏப்ரலில் இந்தியாவின் வேலையின்மை 23.5 சதவீதம் என்றது தனியார் ஆய்வு நிறுவனமான சிஎம்ஐஇ. ஒரே மாதத்தில் 12.2 கோடிப் பேர் வேலையிழந்தார்கள், அவர்களில் சுமார் 9.1 கோடிப் பேர் சிறு வியாபாரிகளும் தினக்கூலிகளும் என்பது அதன் மதிப்பீடு. அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வோ, நகர்ப்புறங்களில் 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 20.9 சதவீதம் என்றது. அதே அரசு ஆய்வின் ஆண்டறிக்கை, 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரைக்கானது, வேலையின்மை முந்தைய ஆண்டின் 5.8 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்றது. ஊரடங்கு விழுந்த ஆண்டில்!

பொய் எதுவும் இல்லை. சிஎம்ஐஇ கேட்பது இன்றைய நிலைமையை. அரசின் காலாண்டுக் கணக்கு, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று கேட்கிறது. ஆண்டறிக்கையின் தலைப்பு எண் ‘வழக்கமான நிலை’ என்ற அளவுகோலில் வருவது. கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள், துணைத் தொழிலாக 30 நாளாவது வேறு ஏதும் செய்தீர்களா என்று பார்க்கும். ஒன்பது மாதம் வேலை செய்து மூன்று மாதம் வீட்டில் அடைந்துகிடந்தவர் அந்த அளவுகோலில் வேலையில் இருப்பவரே. சம்பளமில்லாமல் வீட்டுத் தொழிலில் கைகொடுப்பவரும் வேலையில் இருப்பவரே. அதனால்தான் அந்த ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 24.5-லிருந்து 30 சதவீதமாகக் கூடியது. வேளாண்மையில் இருப்போரின் பங்கு 42.5-லிருந்து 45.6 சதவீதமாக ஏறி, மறு ஆண்டு 46.5-ஐத் தொட்டது. பல பத்தாண்டுகளாக வயலைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நாடு திரும்ப வயலுக்குள் இறங்கியது. அறிக்கையின் முதல் பக்கத்தில் அது வேலையின்மைக் குறைவாகத் தெரிந்தது. வளமான நாடுகள் மட்டும் இதிலிருந்து தப்பிவிடவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் வேலையின்மை 14.7 சதவீதம் என்று அறிவித்த அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, வேலைக்கு வராதவர்களைப் பேட்டியாளர்கள் தவறான கட்டத்தில் போட்டிருக்காவிட்டால் எண் ஏறக்குறைய ஐந்து புள்ளி கூடியிருக்கும் என்று அதே அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அந்தக் கட்டம் ஏன் குழப்பியது என்பதைப் புரிந்துகொள்ளத் திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்ததாக வைத்துக்கொள்வோம். “வேலை இருக்குங்களா?” “இருக்குங்க.” “போன வாரம் போனீங்களா?” “கம்பெனியே தொறக்கலீங்களே.” “சம்பளம்?” “மார்ச்சுக்குப் பாதி போட்டாங்க. மீதி தொறந்ததும் தர்றோம்னாங்க.” “திறந்தா கூப்பிடுவாங்களா?” “கூப்பிட்டாத் தெரியும்.” இவரை எந்தக் கட்டத்தில் போடுவது? பேட்டியாளருக்கு ஒதுக்கப்பட்டது பதினைந்து இருபது நிமிடம். அவர் ஏதோ ஒன்றில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். லட்சம் பேரிடம் இப்படிக் கேட்டுச் சேர்த்ததைத்தான் தசமப் புள்ளியோடு படிக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு அந்த ஏப்ரலில் சிஎம்ஐஇ சொன்ன எண் 49.8 சதவீதம். பெரிய மாநிலங்களில் அதுவே உச்சம். பிகார் 46.6, பஞ்சாப் 2.9. பாதித் தமிழ்நாடு வேலையற்றுப்போனது என்று அன்று தொலைக்காட்சிகளில் ஓடியது. அது வேலை தேடுவோரையும் வேலையில் இருப்போரையும் சேர்த்த எண்ணிக்கையில் பாதி, மக்கள்தொகையில் பாதியல்ல என்பதை யாரும் சொல்லவில்லை. ஆனால் திசை தவறென்று சொல்ல மாட்டேன். பஞ்சாபில் அது கோதுமை அறுவடை மாதம். அறுவடைக்கு அனுமதி இருந்தது. தமிழ்நாட்டிலோ மக்கள் பாதிப்பேர் நகரத்தில், வருமானத்தில் பெரும்பகுதி தொழிற்சாலையிலும் கடையிலும். போதாக்குறைக்கு ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு வேறு. மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களிலிருந்து தள்ளுவண்டிக்காரர்வரை ஒரு நகரத்தின் சில்லறை வணிகமே அந்தக் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சந்தேகப்படுவது தசமப் புள்ளியை மட்டும். வழக்கத்தைவிடக் குறைவான வீடுகளே தொலைபேசியில் கிடைத்த மாதத்தில், ஒரு மாநிலத்துக்கென்று பிரித்தெடுத்த எண்ணை 49.8 என்று சொல்வதைவிடப் பாதிக்கு அருகே என்று சொல்லியிருந்தால் போதும்.

சிஎம்ஐஇ-யின் குடும்ப ஆய்வைப் பற்றிய பெரிய விவாதம் 2021 ஜூனில் வெடித்தது. சுமார் 1.74 லட்சம் குடும்பங்களை ஆண்டுக்கு மூன்று முறை சந்திக்கும் ஆய்வு அது. இத்தனை அடர்த்தியான தரவு அப்போது அரசிடமே இல்லை. பொருளியலாளர்கள் ஜான் ட்ரேஸும் அன்மோல் சோமஞ்சியும் அதன் மாதிரியில் ஏழைகள் குறைவாக இருக்கிறார்கள் என்றார்கள். மின்சாரம், தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளின் பங்கு தேசியக் குடும்பநல ஆய்வில் இருப்பதைவிட இதில் கணிசமாகக் கூடுதல் என்பது அவர்கள் காட்டிய சான்று. காரணம் தெருவில் இருக்கிறது என்றார்கள். களப்பணியாளர்கள் பிரதான தெருவிலிருந்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கி, போதாவிட்டால்தான் உள்ளே போகிறார்கள். சிஎம்ஐஇ-யின் தலைவர் மகேஷ் வியாஸ் அதை மறுத்தார், அப்படி ஒருபக்கச் சாய்வு இல்லை என்று வாதிட்டார்.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் கால்வைத்தவருக்கு இந்த விவாதத்தின் கனம் உடனே புரியும். பிரதான தெரு எங்கே இருக்கிறது, காலனி எங்கே இருக்கிறது என்பது தற்செயலாக அமைந்ததல்ல. பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, கோயில், டீக்கடை எல்லாம் ஊருக்குள். காலனி, வாய்க்காலுக்கு அப்பால். தெருவைத் தேர்ந்தெடுக்கும் விதி சாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சாதிவாரியாக மாதிரியைப் பிரித்துவிடும். களப்பணியாளருக்கு அப்படி எந்த எண்ணமும் இருக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையை ஒப்புக்கொண்டபின் அந்தத் தரவை என்ன செய்வது? தூக்கி எறிந்துவிடலாம் என்போர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ‘ஸ்டேட் ஆஃப் வொர்க்கிங் இந்தியா’ அறிக்கை பெரும்பாலும் இதே தரவின் மேல் நின்றது. நாளுக்கு 375 ரூபாய் என்ற தேசியக் குறைந்தபட்சக் கூலிக் கோட்டுக்குக் கீழே கூடுதலாக 23 கோடிப் பேர் விழுந்தார்கள் என்றது. 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் அடிமட்ட 20 சதவீதக் குடும்பங்கள் வருமானம் முழுவதையும் இழந்தன, வசதியானவர்கள் இழந்தது கால் பங்குக்கும் குறைவு என்றது. ஏழைகள் குறைவாக உள்ள மாதிரியிலேயே இவ்வளவு என்றால், உண்மை இதைவிட இலகுவாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், குறையுள்ள தரவும் ஒரு கீழ்வரம்பைக் கொடுக்கும்.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறொன்று. ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்த கணக்கு அது. ஊரடங்குக்கு முன் வேலையில் இருந்த ஆண்களில் 61 சதவீதம் பேர் ஆண்டு முழுவதும் வேலையில் நீடித்தார்கள். 7 சதவீதம் பேர் வேலையை இழந்து 2020 கடைசிவரை திரும்பவில்லை. பெண்களில் நீடித்தவர்கள் 19 சதவீதம், திரும்பாதவர்கள் 47 சதவீதம். மேலே சொன்ன அரசு ஆய்வோ அதே காலத்தில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு கூடியது என்கிறது. முரண்பாடு போலத் தோன்றும். இரண்டு ஆய்வுகளிலும் ஆண்களின் எண்கள் ஓரளவு பக்கம் பக்கமாக வரும், பெண்களின் எண்கள்தான் விலகி நிற்கும் என்று ரோசா ஆபிரகாமும் ஆனந்த் ஸ்ரீவஸ்தவாவும் காட்டியிருக்கிறார்கள். பள்ளியில் ஆயாவாக, ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவராக, மாதச் சம்பளம் வாங்கிய பெண் அந்த வேலையை இழந்து, மாமியார் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு வரப்பில் புல்லறுக்கிறார் என்றால், ஒரு கணக்கில் வேலையிழந்தவர், இன்னொன்றில் வேலையில் இருப்பவர். இரண்டும் அவரைப் பற்றியே பேசுகின்றன. அவரிடமே கேட்டார்களா என்பது வேறு கேள்வி. 2015-16 குடும்பநல ஆய்வில் தனக்கென்று பயன்படுத்த கைபேசி இருக்கிறது என்ற பெண்கள் 46 சதவீதம். ஊரடங்குக்கு முன் ஒரு பகுதியும் பின் ஒரு பகுதியுமாக முடிந்த அடுத்த சுற்றில் 54 சதவீதம். தொலைபேசி ஆய்வு அழைக்கும் எண் யார் சட்டைப்பையில் இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாதிரியைப் பெரிதாக்கினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அதை உடைத்தது ஒரு தடுப்பூசிக் கணக்கு. குடும்ப வருமானம் எவ்வளவு விழுந்தது என்ற கேள்விக்கு விடைத்தாள் கிடையாது. எத்தனை பேர் தடுப்பூசி போட்டார்கள் என்பதற்கு அமெரிக்காவில் விடைத்தாள் இருந்தது, ஊசி போட்ட பதிவேடு. அதனால் அந்த ஒரு கேள்வியை வைத்துக் கணக்கெடுப்புகளையே திருத்திப் பார்க்க முடிந்தது. 2021 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அதைத்தான் செய்தது. வாரம் சுமார் 2.5 லட்சம் பேரிடம் ஃபேஸ்புக் வழியே நடந்த ஆய்வு, 2021 மே மாதத்தில் உண்மையைவிட 17 சதவீதப் புள்ளி கூட்டிச் சொல்லியிருந்தது. சுமார் 75,000 பேர் பதிலளித்த, அரசின் குடும்ப நாடித்துடிப்பு ஆய்வு 14 புள்ளி கூட்டிச் சொன்னது. சுமார் 1,000 பேரிடம் கவனமாக நடத்திய சிறிய ஆய்வு உண்மைக்கு அருகில் நின்றது. 2.5 லட்சம் பேரின் அந்தச் சாய்ந்த மாதிரி, ஒழுங்காகக் குலுக்கி எடுத்த வெறும் பத்துப் பேருக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். தடுப்பூசியில் 14 புள்ளி விலகிய ஆய்வுதான் அமெரிக்கக் குடும்பங்களின் வாடகைப் பாக்கியையும் பட்டினியையும் நமக்குச் சொன்ன ஆய்வு. அந்தக் கேள்விகளில் எவ்வளவு விலகியது என்று பார்க்கப் பதிவேடு இல்லை.

ஏழை நாடுகளில் கணக்கெடுப்பாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, பெருந்தொற்றுக்கு முன்பே நேரில் சந்தித்து எண் வாங்கிவைத்திருந்தவர்களைத் திரும்ப அழைப்பது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் ஒன்பது நாடுகளின் 16 ஆய்வுகளைச் சேர்த்து, 30,000-க்கு மேற்பட்டவர்களின் பதில்களோடு 2021-இல் வந்த ஒரு கட்டுரையில், வருமானம் குறைந்த குடும்பங்களின் பங்கு இடத்துக்கு இடம் 8 முதல் 87 சதவீதம்வரை இருந்தது. நடுமதிப்பு 68 சதவீதம். இவ்வளவு அகலமான இடைவெளியை மறைக்காமல் வெளியிட்டதே பாராட்டத்தக்கது.

மறுபக்கம், மாதிரி என்றே சொல்லிக்கொள்ளாத ஒரு தரவு இருக்கிறது. ஊரடங்கு தொடங்கிய ஓரிரு நாளில் தன்னார்வலர்கள் சேர்ந்து ‘ஸ்வான்’ என்ற வலையமைப்பை உருவாக்கி, சிக்கிக்கொண்ட புலம்பெயர் தொழிலாளர்களின் அழைப்புகளை வாங்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் நடுவில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 11,159 தொழிலாளர்களின் விவரம் இருந்தது. பாதிப்பேரிடம் ஒரு நாளைக்குக்கூட அரிசி இல்லை. 96 சதவீதம் பேருக்கு அரசு ரேஷன் வரவில்லை. 89 சதவீதம் பேருக்கு முதலாளி ஊரடங்குக் காலச் சம்பளம் தரவில்லை. உதவி கேட்டு அழைத்தவர்களின் கணக்கு இது, எல்லாத் தொழிலாளர்களின் கணக்கல்ல. அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் வேறு எந்தக் கணக்கெடுப்பிலும் வராத ஆட்கள் இவர்கள். வாடகை அறையில் பத்துப் பேராகத் தங்குபவர் ‘குடும்பம்’ அல்ல, அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு முகவரி கிடையாது. புள்ளிவிவரப் பாடத்தில் இந்தத் தரவுக்கு மதிப்பெண் குறையும். எனக்கு அந்த ஏப்ரலில் நம்பகமான ஆவணம் இதுதான், ஏனென்றால் தான் யாருடைய குரல் என்பதை இது தெளிவாகச் சொன்னது.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2020 ஏப்ரல், மே மாதங்களில் 12 மாநிலங்களில் சுமார் 5,000 பேரிடம் தொலைபேசியில் பேசிய இன்னோர் ஆய்வில், விவசாயம் அல்லாத சுயதொழில் செய்து, ஊரடங்கிலும் எப்படியோ தொழிலைத் தொடர்ந்தவர்களின் வார வருமானம் 2,240 ரூபாயிலிருந்து 218 ரூபாயாக விழுந்திருந்தது. தொழிலை விடாதவர்களின் வருமானம் அது. வேலையின்மைக் கணக்கில் இவர்கள் வேலையில் இருப்பவர்கள்.

1918 இன்ஃபுளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தக் காலத்தைப் பற்றி நம் கையில் இருப்பது பெரும்பாலும் 1921 மக்கள்தொகைக் கணக்கு. 1911-இல் 25.21 கோடியாக இருந்தது 25.13 கோடியாகக் குறைந்தது. கடைக்காரர்கள் என்ன ஆனார்கள், நெசவாளி தறியை விற்றாரா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வகையில் 2020 எவ்வளவோ மேல். இருந்தும் 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கே தள்ளிப்போனது. பல மாதிரி ஆய்வுகளுக்குச் சட்டகமாக 2011-ஆம் ஆண்டின் பட்டியலையே வைத்துக்கொண்டு, 2020-இல் காலியான வீடுகளையும் புதிதாக முளைத்த குடியிருப்புகளையும் எடைபோட வேண்டியிருந்தது.

2025-லிருந்து தொழிலாளர் ஆய்வு மாதந்தோறும் எண் வெளியிடுகிறது. சிறு நிறுவனங்களின் கணக்கும் காலாண்டுக்கு ஒருமுறை வருகிறது. வேகம் கூடியது நல்லதுதான். ஆனால் காலாண்டுக் கணக்கும் திறந்திருக்கும் கடைக்குள்தான் நுழையும். மூடலை அளக்க வேறு வேலை தேவை. 2015-16 சுற்றில் களப்பணியாளர்கள் ஏறத்தாழ 2.9 லட்சம் சிறு நிறுவனங்களுக்கு நேரில் போனார்கள். அவற்றின் விவரம் புள்ளியியல் அலுவலகத்திடம் இருக்கிறது. அதில் பத்தில் ஒன்றுக்குத் திரும்பப் போய், கடை இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மாதம் மூடியது, நடத்தியவர் இப்போது என்ன செய்கிறார் என்று மூன்றே கேள்வி கேட்டால் போதும். கடைக்காரர் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் சொல்வார், எந்த மாதம் என்பது உட்பட. ஆண்டுகள் ஓட ஓட அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களின் ஞாபகமும் மங்கும், அவர்களில் சிலரும் கடையை மூடிவிட்டுப் போவார்கள்.